பதினொரு பாக்கெட் சத்துமா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை அலவத்துகொடயிலிருந்து சபீனா டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், ராஜேஸ் அக்கா மௌத்தாகிட்டா. தூக்கத்திலேயே போயிட்டாவாம்" என்றார். மின்வெட்டு நாட்களில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பயம்தான் எனக்கு முதலில் திரும்பி வந்தது. துக்கம் அதற்குப் பிறகே வந்தது.

அம்பிட்டியவில் அவரிடம் மாவு வாங்கியவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜேஸ்வரி அக்கா ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு குரக்கன், பயறு, உளுந்து, சிவப்பரிசி, கச்சான் கடலை எல்லாம் வீட்டில் வறுத்து, மில்லில் அரைத்து, குழந்தைகளுக்கான சத்துமா விற்றார். பெயர்ப்பலகை கிடையாது. விளம்பரம் கிடையாது. புதிதாக வருகிறவரிடம் ஒரு கேள்வி மட்டும் உண்டு: "யாரு சொல்லி வந்தீங்க?" அதற்குப் பதில் வராமல் மாவு வராது. முதல் தடவை கால் கிலோவுக்கு மேல் தரவும் மாட்டார். "புள்ள குடிச்சிட்டு என்ன சொல்லுதுனு பாருங்க. புடிக்கலைனா, யாரு சொன்னாங்களோ அவங்கள திட்டுங்க" என்பார்.

"மாவு விக்கிறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொண்ணு பாக்குறதுல ஏமாத்தலாம் தம்பி. மாவுல முடியாது. புள்ள துப்பிரும்."

மில்லில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன் தானியத்தைப் போடுவதற்கு முன் இரண்டு கிலோ பச்சரிசியைப் போட்டு அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிடுவார். முன்பு அரைத்தவருடைய மிச்சம் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக. "மெசினுக்கு வாய் கழுவி விடுறேன்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு மின்சாரம் போகும் என்று அறிவித்திருந்தார்கள். வரிசையில் அவருடைய முறை வந்தபோது பத்தாக இருபது நிமிடம். முதன்முறையாக, வாய் கழுவாமலே தானியத்தைக் கொட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மில்காரர் சிறில் அவர் வீட்டுக்கு ஓடி வந்தார். அக்காவுக்கு முன்னால் ஒருவர் கோழித் தீனிக்கென்று சோளம் அரைத்திருக்கிறார். அது பூச்சி மருந்து பூசிய விதைச் சோளம் என்பது கோழிகள் செத்துக் கிடந்த பிறகே அந்த ஆளுக்கு விளங்கி, மில்லுக்கு வந்து சொல்லியிருக்கிறார்.

அடுத்த நிமிடம் எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, நேத்து வாங்கின மாவ புள்ளைக்குக் குடுத்துட்டீங்களா?"

கொடுத்திருந்தோம். என் மகள் அன்று காலைதான் பேத்திக்கு அரைக் கோப்பை காய்ச்சிக் கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, மாலை வரை வைத்துப் பார்ப்போம் என்றார். குழந்தை என் சட்டைப் பொத்தானை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொட்டாவிக்கும் மகள் டாக்டரைத் தேடி ஓடினாள். மண்சரிவுகளுக்கும் கலவரங்களுக்கும் செய்தி எடுக்கப் போனவன் நான். அன்று குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். நான்கு மணிக்கு டாக்டர் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்.

நான் அம்பிட்டியவுக்குப் போனபோது அக்கா முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை விற்றவை பதினொரு பாக்கெட். யார் சொல்லி யார் வந்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். சொன்னவரைப் பிடித்தால் வாங்கியவரின் வீடு தெரிந்துவிடும். அவருடைய பழைய வாடிக்கையாளரான சபீனா டீச்சர் அக்கா வீட்டில் இருந்தபடி தொலைபேசியில் வீடுகளை விசாரித்துச் சொல்ல, அக்கா வீடு வீடாகப் போய்ப் படலையில் நின்று, "என் மாவுல விஷம் கலந்திருக்கலாம், திருப்பிக் குடுங்க" என்றிருக்கிறார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிடப் பார்த்தார்களாம். எங்களுடையதையும் சேர்த்துப் பத்து பாக்கெட் கிடைத்துவிட்டன.

பதினோராவதை வாங்கியவர், நீலக் குடையும் இடுப்பில் குழந்தையுமாக வந்த ஒரு புதுப் பெண். யார் சொல்லி வந்தீர்கள் என்றதற்கு, "பஸ்ஸுல பக்கத்துல இருந்த அம்மா" என்றிருக்கிறார். "எனக்குச் சிரிப்பு வந்துச்சு தம்பி. சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டேன்" என்றார் அக்கா. அவருடைய உதடு உலர்ந்து வெடித்திருந்தது.

இப்போதே எங்கள் இணையத்தளத்திலும் காலையில் பத்திரிகையிலும் எச்சரிக்கை போடலாம் என்றேன். "அம்பிட்டியவில் விற்ற ஒரு சத்துமா என்று மட்டும் போடுவோம் அக்கா. உங்க பேர் வேண்டாம்."

"பேரில்லாம போட்டா, அது என் மாவுனு அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"பேர் போட்டா யாவாரம் முடிஞ்சிடும் அக்கா" என்றார் டீச்சர். "பன்னிரண்டு வருஷமா நாங்க வாயால சொல்லிச் சொல்லி வளத்த பேரு."

"முடியட்டும். ராத்திரிக்கு அந்தப் புள்ள குடிச்சிரும் டீச்சர். அவர சீக்கிரம் எழுதச் சொல்லுங்க."

பெயர், வீடு, தொலைபேசி எண், படம் எல்லாவற்றோடும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் செய்தி ஊரெல்லாம் பரவியது. மூன்று குழந்தைகள் இறந்துவிட்டதாக யாரோ சேர்த்துக்கொண்டார்கள். கொலைகாரி என்று தொலைபேசியில் திட்டினார்கள். அந்தப் பெண்ணின் அழைப்பாக இருக்கலாம் என்று அக்கா ஒவ்வொன்றையும் எடுத்தார்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண் நேரிலேயே வந்தார். "தங்கச்சி போனுக்கு அனுப்பினா. புள்ளைக்குச் சளி, அதனால இன்னும் பிரிக்கல" என்று பாக்கெட்டை மேசையில் வைத்தார். அக்கா கதிரையில் உட்கார்ந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்த பெண், "அப்ப நல்ல மாவு எப்ப வரும்?" என்று கேட்டார். டீச்சர்தான் முதலில் சிரித்தார்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாக்கெட்டுகளை எடுத்துப் போனார். அவற்றில் என்ன இருந்தது என்று இரண்டு முறை கேட்டேன். பதில் கிடைக்கவில்லை. பல மாதங்கள் அக்கா வீட்டுப் படியில் யாரும் ஏறவில்லை. பிறகு, படலைக்குப் போய்ச் சொன்ன அதே வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக ஆள் அனுப்பினார்கள். "பிழை நடந்தா வீடு தேடி வந்து சொல்ற மனுசி" என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருடம் மீண்டும் வரிசை நின்றது.

ஆனால் அந்த வரிசைக்கு வெகு முன்னரே, செய்தி வந்த மறுநாள், அக்கா பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "மில்லில் நேர்ந்த தவறு" என்று நான் எழுதியிருந்தேன். "அந்த மனுசன் ஓடி வந்து சொன்னாரு தம்பி. வாய் கழுவாம போட்டது நான். மாத்தி எழுதுங்க" என்றார். தன்மேல் போட்ட பழி குறைவு என்று திருத்தம் கேட்டு வந்த வேறொருவரை என் தொழிலில் நான் கண்டதில்லை.

அந்த நான்கு வரித் திருத்தத்தை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுவும் அந்த நாளின் பயமும்தான். பெயரில்லாமல் எழுதலாம் என்று சொன்னவன் நான். அவர் தலையாட்டியிருந்தால், சளி விட்டதும் அந்தப் பாக்கெட் பிரிந்திருக்கும்.