லொக் ஆச்சுங்களா, ஐயா?

இடது சக்கரத்தைத் திருகிவிட்டு, ஜீப்பின் மூக்கைச் சுற்றிக்கொண்டு வலது சக்கரத்துக்கு வருகிறார் அந்தோனிமுத்து. குந்தி உட்காருகிறார். சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குமிழ். அதில் படிந்த சேற்றைக் கைக்குட்டை நுனியால் துடைத்து, விரல்களை நன்றாகப் பொருத்தி, 'டக்' என்று சத்தம் வரும்வரை திருகுகிறார். எழுந்து இரண்டடி வைத்தவர் நிற்கிறார். மறுபடி இடது பக்கம் போய்க் குனிந்து பார்க்கிறார். அங்கிருந்து மறுபடி வலது பக்கம். மழை கொட்டுவதோ, பின்னால் பாயில் கிடக்கும் நோயாளி முனகுவதோ, முன் ஆசனத்தில் நான் பல்லைக் கடிப்பதோ அவர் காதில் ஏறுவதில்லை. எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்து, சாவியில் கை வைத்தபடி என் பக்கம் திரும்புகிறார்.

"லொக் ஆச்சுங்களா, ஐயா?"

நான் இறங்கிப்போய் இரண்டு சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்து "ஆச்சு" என்று சொன்னால்தான் வண்டி நகரும்.

மூங்கிலாற்றுத் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரன் நான். அந்தோனிமுத்து எங்கள் ஜீப் டிரைவர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பள்ளத்தில் இருக்கின்றன. பதுளைக்குப் போகும் தார் வீதி மேலே இருக்கிறது. நடுவில் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், மண் ரோடு, ஏழு முடக்கு வளைவு. மேலே ஏறிவிட்டால் பதுளை ஆஸ்பத்திரி பதினான்கு கட்டை. மழைக்காலத்தில் பின் சக்கரங்கள் மட்டும் தள்ளி அந்த மண் ரோட்டில் வண்டி ஏறாது. முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் குமிழ்கள். 'லொக்' பக்கம் திருகினால் முன் சக்கரம் இஞ்சினோடு சேர்ந்துகொள்ளும். தார் வீதியில் ஏறியதும் இறங்கி 'பிரீ' பக்கம் திருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் டீசலுக்கும் கேடு, வண்டிக்கும் கேடு. இரண்டில் ஒன்றைத் திருக மறந்தாலும் முன்பக்கம் முழுவதும் வேலை செய்யாது. இவ்வளவுதான் சங்கதி. இந்தச் சங்கதியில்தான் அந்தோனிமுத்துவின் தூக்கம் போயிற்று.

நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். சோறு தின்றால் கண் சொக்கும் என்று, பயணம் இருக்கிற நாளில் ரொட்டியில் பாதியை மடித்துத் தின்றுவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடிப்பார். சமதரையில் வண்டியை நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் வைப்பார். ஓடும்போது தலையைச் சாய்த்துக் காது கொடுத்து, "ஒரு சத்தம் வருதுங்க" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. அரைக் கட்டை போனபின், "இப்ப அந்தச் சத்தத்தக் காணோமுங்க" என்று அதைவிட அதிகமாகக் கவலைப்படுவார். அவருடைய மனைவி செபஸ்தியம்மா கைக்குழந்தைக்கு மருந்து வாங்க வந்தபோது என்னிடம் முறையிட்டார்: "வீட்டுக் கதவயும் ரெண்டு தடவ எந்திரிச்சுப் பாப்பாருங்க. உள்ள திருடிட்டுப் போக என்னங்க இருக்கு?"

அவர் முன்பு இப்படி இருந்ததில்லை. கவலைக்காரர்தான், ஆனால் இவ்வளவு இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதாம் ஆண்டு ஆயுத பூசைக்கு மறுநாள் நடந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தோனிமுத்துவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. சக்கரம் எந்தப் பக்கம் உருண்டு நிற்குமோ, எழுத்தும் அந்தப் பக்கம் தலைகீழாக நிற்கும். அதனால் 'லொக்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் ஒரு பொட்டு வைத்திருந்தார். குமிழில் உள்ள அம்பு சிவப்பைப் பார்த்தால் லொக். நல்ல யோசனைதான். ஆயுத பூசையன்று தொழிற்சாலை ஆட்கள் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். ஜீப்பையும் விடவில்லை. முன் சக்கரக் குமிழ்கள் இரண்டும் பார்க்க லட்சணமாக இருந்தனவோ என்னவோ, அவற்றின்மீது சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். அந்தோனிமுத்து வேதக்காரர். அவர்கள் பக்தியோடு வைத்ததைத் தான் துடைத்தால் மனம் நோவார்களே என்று அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை லயத்தில் இராக்கம்மா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. தலைப்பிள்ளை. குழந்தை குறுக்கே கிடந்தது. பதுளைக்குக் கொண்டுபோகாமல் முடியாது. மழை பிடித்துக்கொண்டது. மண் ரோடு தொடங்கும் பாலத்தடியில் அந்தோனிமுத்து இறங்கி இடது சக்கரத்தைத் திருகினார். வலது சக்கரத்துக்கு வந்தார். மழையில் சந்தனம் பாதி கரைந்து, குங்குமம் வழிந்து, அம்பின் நுனியில் சிவப்பாக நின்றது. முதல் நாளே திருகிவைத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். அது குங்குமம், அவர் வைத்த பொட்டு மறுபக்கம் சந்தனத்துக்குள் புதைந்து கிடந்தது. ஏறி உட்கார்ந்து என்னைக் கேட்டார்: "லொக் ஆச்சுங்களா, ஐயா?"

அன்று நான் பின்னால், படுதாவுக்குள் இராக்கம்மா பக்கத்தில் இருந்தேன். இறங்கவில்லை. காலில் புதுச் சப்பாத்து, வெளியே சேறு. "ஆச்சு, ஆச்சு, எடு" என்றேன்.

மூன்றாம் முடக்கில் வண்டி ஏறாமல் சறுக்கிப் பின்னால் வந்து மண்மேட்டில் இடித்து நின்றது. காரணம் கண்டுபிடித்துத் திருகி, ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளி மேலே ஏற்ற ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. இராக்கம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தோனிமுத்து மட்டும், "நான்தாங்க சரியாப் பாக்கல" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோழை என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து அவர் மும்முறை பார்க்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் இறங்குகிறேன். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தப் புதுச் சப்பாத்து நினைவு வரும். ஒரு வருடம் பொறுத்தேன். பிறகு தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: வண்டியை நிறுத்திச் சக்கரம் திருகுவதில் நேரம் வீணாகிறது, நோயாளிகள் மழையில் காத்திருக்கிறார்கள், இப்போது தானாகவே பூட்டிக்கொள்ளும் 'ஓட்டோமெட்டிக்' வந்திருக்கிறதாம், அதைப் போட்டால் என்ன என்று. எழுதியது பொய் இல்லை. எழுதிய காரணம்தான் வேறு. கேள்வி ஒழிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

துரை விவரமானவர். "வண்டி ஓட்டுறது அவன். அவன் சம்மதிச்சு எழுதிக் குடுத்தா போடலாம். சனிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லுங்க. பிறகு சாமான்ல பிழை சொல்லக் கூடாது" என்றார்.

இப்படி ஒரு ஆளிடம் இப்படி ஒரு முடிவை விட்டால் என்ன ஆகும்? பதுளைக் கடைவீதியில் மோட்டார் சாமான் விற்கும் றஹீம் முதலாளியின் கடைக்கு அவரை அழைத்துக்கொண்டு போனேன். றஹீம் இரண்டு கனத்த மூடிகளை மேசைமேல் வைத்தார். பளபளவென்று இருந்தன. திருகக் குமிழ் இல்லை. எழுத்தும் இல்லை, அம்பும் இல்லை.

"எறங்கவும் தேவல்ல, நனையவும் தேவல்ல. உள்ளுக்க இருந்துக்கிட்டே கியரப் போடுங்க. சக்கரம் உருண்டதும் அதுவாப் புடிச்சுக்கும்" என்றார் றஹீம்.

அந்தோனிமுத்து அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். "புடிச்சிருச்சுன்னு எப்படிங்க தெரியும், முதலாளி?"

"வண்டி மேல ஏறினாப் புடிச்சிட்டுது."

"ஏறலன்னா?"

றஹீம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரிங்க, புடிச்சத எப்படி விட வைக்கிறது?"

"அதுவும் லேசுதான். ரெண்டு மூணு கஜம் பின்னுக்கு எடுத்தா அதுவா விட்டுரும்."

அந்தோனிமுத்துவின் முகம் மாறியது. "மலையில ஏறிக்கிட்டு இருக்கும்போதே பின்னுக்கு எடுத்தா?"

"அப்பவும் ஒருக்கா விட்டுட்டுத்தான் திரும்பப் புடிக்கும். ஒரு நொடிதானே, அண்ணே!"

"மூணாம் முடக்குல ஒரே எடுப்புல திரும்ப முடியாதுங்க. ஏறி, பின்னுக்கு எடுத்து, திருப்பித்தான் ஏறணும். அந்த ஒரு நொடியில வண்டி எங்கங்க நிக்கும்?"

நியாயமான கேள்வி. ஆனால் கையால் திருகுவதற்கும் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. அதையும் அந்தோனிமுத்துவே கேட்டார். "கைல திருகுறதுன்னா நான் மறந்துட்டா? இன்னொருக்கா மறந்துட்டா?" திரும்பி வரும் வழி பதினான்கு கட்டையும் இரண்டு கேள்விகளையும் மாறி மாறிக் கேட்டார். அந்த வாரம் முழுவதும் கேட்டார். தொழிற்சாலையில் கேட்டார், மாதா கோவிலில் சாமியாரைக் கேட்டார். கன்னம் ஒட்டிப்போயிற்று. தன் மறதியை நம்புவதா, மூடிக்குள் கண்ணில் படாத பல்சக்கரத்தை நம்புவதா என்று அவருக்கு விளங்கவில்லை. இதற்குள் இராக்கம்மாவுக்கு மறுபடி மாதம் நிறைந்திருந்தது. "அந்தப் புள்ள பொறக்கிறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணணுமுங்க" என்பார்.

வியாழக்கிழமை மருந்துச் சாலைக்கு வந்து நின்றார். "ஐயா சொல்லுங்க. ஐயா சொன்னா சரிங்க."

"ஒரு நொடிதானே அந்தோனி. போட்டுடலாம்" என்றேன். சம்மதத் துண்டை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் தமிழில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலை துரையின் கந்தோரில் கொடுக்க வேண்டும் என்று நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் போனபின் நான் ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன். மனது அப்படி இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு இராக்கம்மாவின் மாமியார் கருப்பம்மா தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். மறுபடியும் பிள்ளை குறுக்கே. மறுபடியும் மழை. மாட்டவேண்டிய புதுச் சாமான் இன்னும் பதுளையில் இருந்தது; வண்டியில் பழைய குமிழ்தான். பாலத்தடியில் அந்தோனிமுத்து இறங்கினார். திருகினார், சுற்றினார், பார்த்தார். பின்னால் இராக்கம்மா அலறினாள். "எடுங்களேன் சாமி!" என்று கருப்பம்மா கத்தினாள். அவர் என்னைக் கேட்டார். நான் இறங்கிச் சேற்றில் முழங்கால் போட்டு இரண்டு சக்கரத்தையும் தடவிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

மூன்றாம் முடக்கில் வண்டி ஏறி நின்றது. பின்னுக்கு எடுத்தார். பின் சக்கரத்துக்கு அப்பால் மண் இடிந்து பள்ளத்தில் விழுவது எனக்குக் கேட்டது. முன்னுக்கு எடுத்தார். அந்த ஒரு நொடியை நான் அப்போதுதான் கண்டேன். முன் சக்கரம் இரண்டும் விடாமல் பிடித்து இழுத்தன. அது விட்டுவிட்டுப் பிடிக்கிற சாமானாக இருந்திருந்தால், நாங்கள் நான்கு பேரும் கீழே தேயிலைக்குள் கிடந்திருப்போம். போடச் சொன்னவன் நான்.

ஆஸ்பத்திரியில் இராக்கம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கருப்பம்மாவும் போனாள். நாங்கள் முற்றத்தில் ஜீப்போடு நின்றோம். ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு செய்தியும் இல்லை. அந்தோனிமுத்து சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் எறங்கிப் பாக்கல, அந்தோனி. பாக்காமலே ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

அவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"தெரியுங்க."

"எப்படித் தெரியும்?"

"வண்டி சறுக்கினப்ப ஐயா எறங்குனீங்களே. அப்ப ஐயா சப்பாத்துல ஒரு பொட்டுச் சேறு இல்லீங்க. பாலத்தடியில கணுக்கால் வரைக்கும் சேறு."

"தெரிஞ்சுமா ஊர் பூரா ஓம் பேரையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?"

"வண்டி என் கையில இருந்திச்சுங்க" என்றார். கல்லை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "ஐயா ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். கோபம் இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. நேற்று 'போட்டுடலாம்' என்று நான் சொன்ன யோசனையும் என் நிம்மதிக்காகச் சொன்னதுதான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் பதில் சொல்லும் முன் கருப்பம்மா வாசலுக்கு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்ததால் என்ன செய்தி என்று விளங்கவில்லை.

"பொட்டப்புள்ளைங்க! கத்துற கத்து இங்க கேக்கலீங்களா? தாயும் நல்லா இருக்கா!"

அந்தோனிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். கல்லைக் கீழே வைத்தார். சட்டைப்பைக்குள் விரலை விட்டு, நான்காய் மடித்த சம்மதத் துண்டை எடுத்தார், மழையில் ஊறியிருந்தது. கிழிந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து என் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, நான் அதை என்ன செய்கிறேன் என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல், வீதிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.