அந்தக் காட்டுப்பன்றி யார்?

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உறவினர்களாகிய உங்களில் பாதிப் பேர் கட்டுரையை விட்டுவிட்டுப் படங்களைத்தான் புரட்டியிருப்பீர்கள் என்பது என் சந்தேகம். அப்பா வரைந்த விலங்குகளில் உங்கள் மூக்கோ நடையோ இருக்கிறதா என்று தேடியிருப்பீர்கள். தேடி முடித்தவர்கள் இனிப் படிக்கலாம். அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், அவருடைய ஒரே மகளாக, அவருடைய வாழ்க்கையையும் அதில் தீராமல் போன ஒரு மனத்தாங்கலையும் உங்கள் முன் வைக்கிறேன்.

அப்பா பிறந்தது சென்னிமலையில். மூத்தவர் பெரியப்பா, அடுத்து அப்பா, கடைசியில் அத்தை. தாத்தா காலமானபோது அப்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா தம் படிப்பை நிறுத்திவிட்டு மேட்டுப்பாளையம் பாக்கு மண்டிக்கு வேலைக்குப் போனார். தம்பி படம் வரைகிறான் என்று ஊரே கேலி பேசியபோது, அவரை ஓவியப் படிப்பில் சேர்த்துவிட்டவர் பெரியப்பாதான். அப்பா கோவையில் ஓவிய ஆசிரியராகி, கணபதியில் வீடு எடுத்தார். பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடையும் லேத்து ஓடும் சத்தத்துக்கு நடுவே, குழந்தைகளுக்காக இருபத்தேழு புத்தகங்கள் எழுதி, தாமே படமும் வரைந்தார்.

அப்பாவின் முதல் குணம் சந்தேகம். நினைவு மலரில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று அம்மா கேட்டார். வேண்டும். அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் அந்தப் புத்தகங்கள் இல்லை. புதுக்கதை எழுதியதும் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு முறுக்கு கொடுத்துப் படித்துக் காட்டுவார். "நல்லா இருக்குதுங்க" என்று பிள்ளைகள் சொன்னால் நம்பமாட்டார். "முறுக்குக்காகச் சொல்றயா கண்ணு?" என்பார். அவர் பார்ப்பது பிள்ளைகளின் கையை. தாம் திருப்புவதற்கு முன்னால் ஒரு சின்னக் கை நீண்டு வந்து பக்கத்தைத் திருப்பினால்தான் அந்தப் பக்கம் தேறும். கை நீளவில்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைவார். அச்சகத்துக்குப் போகும்போது பையில் ஒரு கத்தரிக்காய் இருக்கும். அச்சடித்த தாளின் பக்கத்தில் அதை வைத்து, நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று சண்டை போடுவதற்கு.

அப்பா உலகத்தையே சந்தேகப்பட, உறவினர்கள் அவரைச் சந்தேகப்பட்டார்கள். கல்யாண வீட்டில் அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தால் பந்தியே நிமிர்ந்து உட்காரும். ஒருமுறை அத்தை, அப்பாவின் புத்தகத்தில் வந்த ஒரு வாத்தைப் பற்றி நேராகவே கேட்டுவிட்டார். "ஏனுங்ணா, அந்த வாத்து நானுங்களா?"

"வாத்து வாத்துதான் அம்மணி."

"அப்பறம் ஏனுங்க அது என்னையாட்டவே நடக்குது?"

அப்பா ரசத்துக்குக் குனிந்துகொண்டார். அந்த வாத்து அத்தையேதான். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசும் ஓர் அணில் நான் என்பதிலும் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இதுவரை வேடிக்கை. பிறகு காட்டுப்பன்றிப் புத்தகம் வந்தது.

யார் கிழங்கு கொடுத்தாலும் புரட்டிப் புரட்டி முகர்ந்து, "இதை எதுக்கு எனக்குக் கொடுக்கிறாய்?" என்று கேட்கும் பன்றியின் கதை அது. பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது புதுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நெற்றியைச் சுருக்கி, கீழுதட்டைப் பிதுக்கி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்க்கும் பன்றி. அவர் முகம் இறுகிப்போனது.

"இது நாந்தானே?"

"இல்லீங்ணா."

"வேற ஆரு?"

அப்பா காப்பித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். பெரியப்பா காப்பியைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், ஆறு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. படிக்கவைத்த அண்ணனை ஊர்ப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும்படி வரைந்துவிட்டான் என்று மண்டியில் சொல்லி வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் அதைப் பெரியப்பா என்றுதான் நினைத்தேன். அப்பாவிடமே கேட்டேன். "கதையப் படிச்சியா, மூஞ்சிய மட்டும் பாத்தியா?" என்றார். அத்துடன் பேச்சை மாற்றிவிட்டார். அவருக்கு வேறொரு சந்தேகம் இருந்ததை அம்மா பின்னாளில் சொன்னார். படம் வெறும் சாக்கு, அண்ணனுக்கு உள்ளுக்குள் வேறு ஏதோ கோபம் என்று அப்பா நினைத்திருக்கிறார். இருவரும் வாய் திறந்து கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசி இரண்டு மாதம் அப்பாவால் தூரிகை பிடிக்க முடியவில்லை. இருதயம் தளர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். நான் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அவன் கூப்பிடச் சொன்னானா, நீயாக் கூப்படறயா?"

ஒரு விநாடி தயங்கினேன். எனக்குச் சட்டென்று பொய் வராது. "அப்பாதானுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டார். "செரி கண்ணு" என்று வைத்துவிட்டார். அவர் வரவில்லை. நான்கு நாளில் அப்பா போய்விட்டார். அந்த ஒரு விநாடிக்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அலமாரியில் இருந்த நோட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எதைப் பார்த்து வரைந்தார் என்று அப்பா எழுதிவைத்திருந்தார். வாத்துக்குக் கீழே, "நடை: தங்கச்சி." காட்டுப்பன்றிக்காக ஒரு முழு நோட்டு இருந்தது. பன்றி வருவதற்கு முன்னால் பதினோரு மனித முகங்கள். சுருங்கிய நெற்றி, பிதுங்கிய உதடு, தூக்கிய புருவம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே குறிப்பு: "கண்ணாடியில் என் முகம். அச்சகத்தில் சண்டை போட்டுவிட்டு வந்தவுடன் பார்த்தது."

நான் அப்பாவின் மகள். உடனே நம்பவில்லை. பெரியப்பா கோபித்துக்கொண்டு போன பிறகு சாட்சிக்காக எழுதிவைத்தாரோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் அதே நோட்டின் பின்பக்கங்களில் அந்தக் கதையின் முதல் வரைவு, அடித்துத் திருத்தியபடி, அதே மையில் இருந்தது. புத்தகம் அச்சாவதற்கு வெகு முன்னால் எழுதியது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகவெட்டு. தம்பி தன்னைத்தான் வரைந்தார், அண்ணன் அதில் தன்னைப் பார்த்துவிட்டார்.

சாவுச் செய்தி கேட்டு வந்து, காரியம் முடியும்வரை எங்களோடு தங்கியிருந்த பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நோட்டைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தாளைத் தடவினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எழுதி வெக்கலியே?"

"எனக்கு ஒரு கோடுகூட வரையத் தெரியாதுங்க பெரியப்பா."

பதினோரு முகத்தையும் பார்த்து முடித்தார். "அவனேதான். சின்னதுல இருந்து இந்த முழிதான்" என்றார். மனத்தாங்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்ப எந்தப் பொஸ்தகத்துலயும் நான் இல்லியா கண்ணு?"

தேடிப் பார்க்கலாம் என்று மற்ற நோட்டுகளையும் அவர் முன் வைத்தேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார். நாங்கள் இருவரும் நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகத் திருப்புகிறோம். நாம் எல்லோரும் அவற்றில் இருக்கிறோம். பெரியப்பா மட்டும் இல்லை. அண்ணனை விளையாட்டுக்குக்கூட வரைய அப்பாவுக்குக் கை வரவில்லையோ என்பது என் எண்ணம். அதைச் சொன்னால் பெரியப்பா நம்புவதில்லை.

அப்பாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அந்தக் கடைசி வாரம் லேத்தை நிறுத்திவைத்த பக்கத்துப் பட்டறைக்காரருக்கும், துக்கத்தில் கூட நின்ற எல்லோருக்கும், தெரிந்தும் தெரியாமலும் அப்பாவுக்கு மூக்கையும் நடையையும் கோபத்தையும் கொடுத்த சொந்தபந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஓர் உதவி வேண்டும். கல்யாணங்களிலும் காதுகுத்துகளிலும் அப்பா உங்களுக்குக் காகிதத் துண்டில் ஏதாவது வரைந்து கொடுத்திருப்பார். வீட்டில் தேடிப் பாருங்கள். எதிலாவது பெரியப்பாவின் முகம் இருந்தால் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். பன்றியாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதச் சொன்னார் பெரியப்பா.