மூடிக்குள் இருந்த தொண்ணூற்றொன்று

செருப்புக் கடையில் அவருக்குப் பெயர் நம்பர் அண்ணன். படியேறி வருகிற ஆளின் காலை ஒரு பார்வை பார்த்தால் போதும், அளவைச் சொல்லிவிடுவார். பிறகு குனிந்து அளவுப் பலகையை எடுப்பதெல்லாம் வந்தவரின் மனத் திருப்திக்காக. கால் விஷயத்தில் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. மற்ற விஷயங்களில் எல்லாரும் ஆட்டுவார்கள், முக்கியமாக அக்காவின் கணவர்.

அத்தான் கெட்டவர் இல்லை. குடும்பத்தில் எந்த முடிவும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், அவ்வளவுதான். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, எந்த டாக்டரிடம் போவது என்று பேச்சு நடக்கும்போது நம்பர் அண்ணன் வாயைத் திறந்தால், "நீ இரு மாப்ள" என்பார். அந்த 'நீ இரு'வைக் கேட்டுக் கேட்டே அண்ணனுக்கு மீசை நரைத்தது. அப்படிப்பட்ட மனிதர், கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, தன் டர்போ காரின் சாவியை இவர் கையில் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கார். ஆனாலும் ஆக்சிலேட்டரைத் தொட்டாலே முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பெற்ற மகள்கூட அந்த வீட்டில் அவ்வளவு செல்லமாக வளரவில்லை.

"நாளைக்கு வந்து எங்களைக் கூட்டிட்டுப் போ. பெட்ரோல் தீரப்போகுது, போட்டுடு. பார்த்துப் போடு."

எதைப் பார்த்து? அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்ற பயத்தில் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டிவிட்டார். முதன்முதலாக ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. இதிலும் சொதப்பினால் ஆயுசுக்கும் 'நீ இரு'தான்.

மறுநாள் காலை பெட்ரோல் பங்க்கில் மூன்று குழாய்கள் தொங்கின, ஒவ்வொன்றிலும் பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் ஒரு நம்பர். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு. அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

"எது விலை ஜாஸ்தியோ அதைப் போடுங்க. அப்பதான் யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

செருப்புக் கடை கேஷியரைப் போனில் கேட்டார். "டர்போவா? உள்ள காத்தை அமுக்கித் திணிக்கிற வண்டி அண்ணே. கம்மி நம்பர் போட்டா நேரத்துக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கும். பிஸ்டன் போயிடும்."

அண்ணன் உடனே அடுத்த போனைப் போட்டார். கடைக்கு எதிரே இருக்கும் மெக்கானிக்கைக் கேட்டார். அவரோ சிரித்தார். "வண்டி கேக்கறதுக்கு மேல போட்டா காசுக்குத்தான் கேடு. டேங்க் மூடியைத் திறங்க, உள்ள நம்பர் ஒட்டியிருக்கும். அதைப் போடுங்க."

திறந்தார். ஒட்டியிருந்தது. தொண்ணூற்றொன்று. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ஏதோ கணக்குப் போல இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? மூடியில் தொண்ணூற்றொன்று, குழாயிலும் தொண்ணூற்றொன்று. போன உயிர் திரும்பி வந்தது. இருந்தாலும் ஒரு ஜாக்கிரதைக்கு அரை டேங்க் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், அத்தான் ஒரு கண்ணில் கட்டோடு, வெளிச்சத்தின் கூச்சம் தாங்காமல் மறு கண்ணையும் மூடியபடி முன்சீட்டில் சாய்ந்திருந்தார். பின்சீட்டில் அக்கா, மடியில் மருந்துப் பை. மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி திணறியது. தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டு உருட்டுவது போல முன்னால் ஒரு சத்தம். அண்ணன் காலை எடுத்தார், சத்தம் நின்றது. காலை வைத்தார், மறுபடி உருண்டது.

"மாப்ள, எந்த பெட்ரோல் போட்ட?"

தீர்ந்தது கதை என்று நினைத்தார். "தொண்ணூத்தொண்ணு அத்தான். மூடியில அதான் போட்டிருந்தது."

பாலம் இறங்கியதும் அத்தான் சொன்னார். "நானும் அதைத்தான் போடறேன். வாங்கின நாள்லேருந்து. மேடு வந்தா இந்தச் சத்தம் வரும். பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?" என்றாள் அக்கா.

"நீ இரு."

'பார்த்துப் போடு' என்றாரே, எதைப் பார்ப்பது என்று அத்தானுக்கே தெரியாது என்பது அண்ணனுக்கு இப்போதுதான் விளங்கியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப்போய் மூடியை மறுபடி திறந்தார். இந்த முறை பொடி எழுத்தைப் பார்த்தார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கடையில் எந்த அட்டைப் பெட்டியை எடுத்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்து இருக்கும், அது எந்த நாட்டு அளவு என்று சொல்ல. ஒரே கால் ஒரு நாட்டில் ஏழு, இன்னொரு நாட்டில் எட்டு, வேறொரு நாட்டில் நாற்பத்தொன்று. 'நம்பரை மட்டும் பார்க்காதீங்க சார்' என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள், நம்பரை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

மெக்கானிக்குக்குப் போன் செய்து அந்த எழுத்துகளைப் படித்துக் காட்டினார்.

"அட, அந்தக் கணக்கா? அப்ப அது வேற அளவு அண்ணே. வண்டி வந்த நாட்டுல தொண்ணூத்தொண்ணுன்னா நம்ம பங்க்ல தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு வரும். சத்தம் வந்தா அழுத்தி ஓட்டாதீங்க, மேலே கொஞ்சம் நல்லதா ஊத்திக்குங்க."

நல்லது என்றால் எது? தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றெட்டா? குழப்பம் தீரவில்லை, இடம்தான் மாறியது. வண்டியை மெல்ல உருட்டி அடுத்த பங்க்கில் கொண்டுபோய் நிறுத்தினார். குழாய் பிடிக்கிற பெண் அத்தான் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள். வண்டிக்குச் சொந்தக்காரர் யார் என்பது முகத்திலேயே தெரிந்தது போல.

"எது சார் போடணும்?"

அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. மாப்ளயைக் கேளு."

நம்பர் அண்ணன் மனதுக்குள் கணக்குப் போட்டார். உள்ளே இருப்பது குறைந்தது, மேலே ஊற்றுவது கூடினால் நடுவில் வந்து சேரும். செருப்பு கொஞ்சம் லூசாக இருந்தால் நடந்துவிடலாம், இறுக்கினால்தான் கொப்புளம். அந்த ஒரு நியாயம்தான் கையில் இருந்தது.

"தொண்ணூத்தெட்டு" என்றார்.

சரியாகச் சொன்னோமா என்று அவருக்கே தெரியவில்லை. குழாயைச் சொருகும் சத்தம் வரும்வரை பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து 'நீ இரு' வரவில்லை.