ரங்கூன்காரர் கைப் போணி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, மகளாகிய நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. இன்னும் அது தீரவில்லை.

மரக்காணத்தில் உப்பளக் கூலி வீட்டில் பிறந்த அப்பா, மீசை முளைக்கும் முன்பே ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, ஓர் உப்பு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். போரில் ஜப்பான்காரர்கள் நகரைப் பிடித்ததும் முதலாளி ஓடிவிட்டார். கடைத்தெருவே அடைந்து கிடந்தது. அதைத் திறக்கவைக்கும் பொறுப்பை ஜப்பான் பட்டாளம் அப்பாவின் தலையில் கட்டியது. பட்டாளம் அடித்த புது நோட்டை வாங்க வியாபாரிகளுக்குத் துணிவில்லை. அப்பா காலையில் கடை கடையாகப் போய் அந்த நோட்டைக் கொடுத்து முதல் போணி செய்வார். அதே நோட்டுக்கு மண்டியில் உப்பும் அளந்து கொடுப்பார். தெரு மெல்ல உயிர்பெற்றது.

ஊர் திரும்பி உப்பள மேஸ்திரியானார். அதன்பின் யார் கடை திறந்தாலும் "ரங்கூன்காரரைக் கூப்பிடு" என்பார்கள். கடலோரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு ஊராட்சித் தலைவியான பிறகும், ரிப்பன் வெட்டத்தான் நான்; போணிக்கு அவர். எரியாதா?

சுனாமிக்குப் பிறகு எங்கள் மீன் மார்க்கெட் மூடிக் கிடந்தது. அத்தனை உயிரைக் கொண்டுபோன கடலின் மீனைத் தொட யாருக்கும் மனமில்லை. வீடு வீடாக நடந்து, கெஞ்சி, சண்டை போட்டுத் திறக்கவைத்தேன். முதல் நாள் காலை, கூடையோடு உட்கார்ந்த ஓர் அக்கா சொன்னார்: "தலைவரம்மா, உங்க அப்பாவ கூட்டினு வாங்க. அவரு கையால போணி ஆனாத்தான் விக்கும்."

ஐயோ, எனக்கு வந்த ஆத்திரம்! ஆனாலும் ஆட்டோ அனுப்பினேன். மார்க்கெட் மறுபடி படுத்துவிட்டால் அந்தப் பெண்கள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

அப்பா வந்தார். கூடையைப் பார்த்தார். கையை மட்டும் நீட்டவில்லை.

"ரங்கூன்ல என் பின்னாடி துப்பாக்கி நின்னுச்சும்மா. பாதிப் பேரு அதுக்குப் பயந்துதான் கட தெறந்தாங்க. உன் பின்னாடி யாரு நிக்கறாங்க? உன் பேச்ச நம்பித்தான் இதுங்க வந்து குந்தினு இருக்குதுங்க. உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. நீயே போணி பண்ணு."

நான் சங்கரா மீன் வாங்கினேன். எனக்கு அடுத்து அப்பா வாங்கினார். பிறகு ஊர் வாங்கியது.

சில மாதங்களில் அப்பா கண்மூடினார். கடைசிவரை கவனித்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த உப்பளத் தொழிலாளர்களுக்கும், அன்று கடையை மூடிவிட்டு வந்த மீன்காரப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. இன்றும் காலையில் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரங்கூன்காரரே, நீதான் பாத்துக்கணும்" என்கிறார்கள். காசு கொடுத்தவள் நான், எதிரிலேயே நிற்கிறேன்.