உச்சிக்கு நாலடி கீழே

ஸ்காட்லாந்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் தெருவில் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை. அதே மனிதர் மலையில் எதிர்ப்பட்டால் நின்று, சிரித்து, மேலே காற்று எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். கீழே இறங்கினால் மறுபடியும் அந்நியர். இந்தக் கூத்து பிடிபடவே எனக்குச் சில வருடங்கள் ஆயின. பிடிபட்ட பிறகு சனிக்கிழமைதோறும் மலைக்குப் போகத் தொடங்கினேன். வேறெங்கே போய்ப் பேச்சுத்துணை தேடுவது?

அங்கே மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளை மன்ரோ என்பார்கள். அத்தனையையும் ஏறி முடிப்பது பெரிய காரியம். கடைசி மலையில் நண்பர்கள் கூடி விஸ்கியும் கேக்குமாகக் கொண்டாடுவார்கள். போன கோடையில் என் முறை வந்தது. எங்கள் குழுவை நடத்தும் ஃபியோனா என்னை முன்னால் போகச் சொன்னாள். போனேன். உச்சியின் கற்குவியலுக்கு நாலடி கீழே, ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

பழக்கதோஷம். ராஜபாளையத்தில் பள்ளிக்கூட நாளிலிருந்தே காசிம், செல்வம், நான் மூவரும் அய்யனார் கோவிலுக்கு மேலே இருக்கும் மொட்டைப்பாறைக்கு ஏறுவோம். எங்களுக்குள் ஒரே சட்டம்தான். முன்னால் போகிறவன் பாறையில் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் வரும்வரை கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். எப்போதும் முதலில் போவது காசிம். வெயிலில் காய்ந்துகொண்டு எங்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பான்.

இங்கேயோ யாரும் வரவில்லை. கீழே மொத்தக் கூட்டமும் நின்றுகொண்டிருந்தது. வாருங்கள் என்று கையசைத்தேன். அவர்களும் கையசைத்துக் கைதட்டினார்கள். முடிப்பவன் தனியாகத்தான் உச்சியைத் தொட வேண்டுமாம், அதுவரை மற்றவர்கள் நகரக் கூடாதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அவர்களுக்காகவும் அவர்கள் எனக்காகவும் காற்றில் விறைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஃபியோனா ஏறிவந்து கால் வலியா என்று கேட்டாள். சேர்ந்து போவோம் என்றேன்.

"இது உன்னுடைய மலை" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் படமெடுத்தார்கள்.

அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பினேன். காசிமிடமிருந்து பதில் இல்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் இருக்கும் செல்வம்தான் கூப்பிட்டான். நூல் மில்லில் வருடக்கணக்காக இழுத்த பஞ்சுத்தூசி காசிமின் நுரையீரலைத் தின்றுவிட்டது, மதுரையில் கைவிரித்துவிட்டார்கள், லீவு கிடைத்தால் வந்து பார் என்றான்.

இந்த மாதம் வந்தேன். என் மலைக்கணக்கு முடிந்ததை ஊரிலும் கொண்டாடியே ஆக வேண்டும் என்று காசிம்தான் பிடிவாதம் பிடித்தான். செல்வம் பால்கோவா வாங்கி வந்தான். மூவரும் ஆட்டோவில் அய்யனார் கோவிலுக்குப் போனோம். ஆட்டோவிலிருந்து கோவிலை ஒட்டிய ஆற்றங்கரைக்குப் போவதற்குள் காசிம் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டான். மொட்டைப்பாறைக்கு இப்போது வனத்துறை யாரையும் விடுவதில்லை. கொஞ்ச தூரம் ஒற்றையடிப் பாதையில் போகலாம், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். காசிம் சிரிக்கவில்லை.

"எனக்காகவாலே உக்காந்த?"

ஆமாம் என்றேன்.

அவன் மூச்சைச் சேர்த்துக்கொள்ளச் செத்த நேரம் பிடித்தது. "இனி உக்காராதலே. நான் வரமாட்டேன்." பிறகு மலையைக் காட்டினான். "எம்புட்டு தூரம் விடுதாகளோ அம்புட்டு தூரம் ஏறு. நான் பாக்கணும்."

செல்வம் எழவில்லை. காசிமின் முதுகைத் தாங்கியபடி, போ என்று எனக்குக் கண்காட்டினான். நான் மட்டும் நடந்தேன். முதல் வளைவைத் தாண்டியதும் மரங்கள் அவர்களை மறைத்துவிட்டன. இருமல் சத்தம் மட்டும் மேலே வந்தது. இன்னும் ஏறினாலும் அவனால் என்னைப் பார்க்க முடியாது. இறங்கிப் போனால், ஏன் வந்தாய் என்று திட்டுவான். திட்டுவதற்கு அவனுக்கு மூச்சு வேண்டும். இருமல் அடங்கும்வரை பாதையின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தேன்.