முட்டி பூட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமை

அன்பான இறைமக்களே, நான் ஆவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த செசிலி. என் கணவர் எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் ஆண்டவரிடம் கேட்டேன். அது நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எதற்குச் சாட்சி சொல்ல வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் கணவர் ஆரோக்கியம் லாரி ஓட்டியவர். விராலிமலை ரோட்டில் அவருக்குத் தெரியாத டீக்கடை கிடையாது. முந்தின வருடம் மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைத் தூக்குவது, உட்கார வைப்பது, கழுவி விடுவது எல்லாம் நான் ஒருத்திதான். ஆறடி மனிதர் அவர். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

தை மாதத்தில் ஒரு காலை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவர் சரிந்தார். விழவிடாமல் இழுத்துப் பிடித்தேன். என் பாதம் தரையில் ஊன்றியபடியே இருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். மதியத்துக்குள் முட்டி வீங்கி, கால் ஊன்ற முடியவில்லை. பக்கத்து ஊரில் கட்டுப் போடுகிறவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒடையலம்மா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். எலும்பு உடையாவிட்டால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டியது நான். வீக்கமும் மெல்ல வடிந்தது. ஆனால் சட்டென்று திரும்பினால் முட்டி நழுவியது. படி இறங்கினால் கால் மடங்கிக்கொண்டது. சில நேரம் உள்ளே ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். உதறினால் சரியாகிவிடும்.

அதற்குள் தவக்காலம் வந்தது. எங்கள் பக்கம் நேர்ச்சை வைத்தால் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலிலேயே போவார்கள். என் கணவர் நடக்க வேண்டும் என்று, தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று விடாமல் அப்படிப் போவதாக நேர்ந்துகொண்டேன். முட்டி வலிக்கிறதே என்று யோசிக்கவில்லை. வலிக்க வலிக்கப் போனால் ஆண்டவர் சீக்கிரம் கேட்பார் என்று நினைத்தேன். அவரை என்னவென்று நினைத்திருந்தேனோ.

ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து முழங்காலில் போய்க்கொண்டிருந்தேன். பாதிக் கோயிலில் முட்டி அப்படியே பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. உயிர் போகிற வலி. வாய்விட்டு அழுதேன். சுற்றியிருந்த பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாட ஆரம்பித்துவிட்டார்கள். "விடுங்க, அழட்டும். ஆண்டவர் தொட்டுட்டாரு" என்று ஒருவர் சொல்வது என் காதில் விழுந்தது.

"ஆண்டவர் இல்லங்க, முட்டி! நிமிர மாட்டேங்குது!" என்று கத்தினேன். அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சாகலாம் போல இருந்தது.

என் நாத்தனார் லூர்து, சென்னையில் நர்சாக இருக்கிறவள், அண்ணனைப் பார்க்க அந்த வாரம் வந்திருந்தாள். அவள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலைப் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தன நாளா இப்படி நழுவுது மதினி?"

"தையிலேருந்து. ஒங்க அண்ணன தூக்கறப்ப உள்ள டப்புனு ஒரு சத்தம், அன்னைக்கே வீங்கிருச்சு."

"டப்புனு சத்தம் கேட்டு, அன்னைக்கே வீங்கி, அப்பறம் நழுவி, இப்ப பூட்டிக்கிச்சு. இது எண்ணெய் தேச்சா போற வலி இல்ல. எலும்பு டாக்டர்ட்ட இப்பவே போகணும்."

நான் மறுத்தேன். நேர்ச்சை பாக்கி இருந்தது. நடுவில் விட்டால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று பயம். அதோடு, ஆப்பரேஷன் என்று நான் படுத்துவிட்டால் அவரை யார் தூக்குவது?

என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் கிடந்த அவர் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார். ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்.

"எனக்காக முட்டி போடாத செசிலி. எங் காலு போயிருச்சு. ஒங் காலு... எனக்கு வேணும்."

அதைக் கேட்டு உடைந்துபோனேன். அவர் இனி நடக்கப் போவதில்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனமில்லை. அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி, வேறு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, அவர் என் கையிலிருந்து கீழே விழக் கூடாது. அதற்கு எனக்குக் கால் கொடும்."

லூர்து லீவை நீட்டிக்கொண்டு அண்ணனைப் பார்த்துக்கொண்டாள். புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டுக்கு நடுவில் சிக்கியிருந்தது. டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. "முன்னாடியே வந்திருந்தா தைக்க வாய்ப்பு இருந்துச்சும்மா. மறுபடி மறுபடி நசுங்கிருச்சு. இப்ப அந்தத் துண்ட எடுத்துத்தான் ஆகணும்" என்றார். சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். இனிமேல் முழங்கால் போடக் கூடாது, தரையில் குத்தவைக்கக் கூடாது என்றார்கள். ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடம் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்! ஆஸ்பத்திரிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.

தொடைக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். உயிர்ப்புத் திருவிழா போய், வெயில் தணிந்தபோது, என் கணவரை மறுபடி என் கையால் தூக்கி உட்கார வைத்தேன். கால் நின்றது. நழுவவில்லை. அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

மழைக்காலம் மறுபடி வந்தபோது அவருக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்தது. ஒரு காலையில் கஞ்சி கொடுக்க அவரைத் தூக்கி நிமிர்த்தினேன். என் மேல் சாய்ந்தார். அந்தச் சாய்வு வேறு மாதிரி இருந்தது. ஆறடி உடம்பின் கனம் முழுவதும் என் மேல் இறங்கியது. என் கால் அசையவில்லை. அவரைக் கீழே விடாமல், மெதுவாகப் படுக்க வைத்து, அவர் கண்ணை மூடிவிட்டேன்.

நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். கணவர் போன வீட்டில் எனக்கு இந்தக் கால் எதற்கு என்று பல நாள் கோபப்பட்டிருக்கிறேன். ஆனாலும் நன்றி சொல்கிறேன். கட்டிய கணவரைக் கடைசிவரை தாங்கினேன், அதற்குத் துணை நின்றவர் ஆண்டவர்.

சகோதரிகளே, ஜெபம் பண்ணுங்கள், விட்டுவிடாதீர்கள். ஆனால் முட்டி வீங்கினாலோ, நழுவினாலோ, பூட்டிக்கொண்டாலோ, எலும்பு உடையவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். வலியைக் காணிக்கையாக வைக்காதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போங்கள். உங்களை அங்கே அனுப்புகிறவரும் ஆண்டவர்தான். ஞாயிறு பூசையில் நீங்கள் எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது நான் மட்டும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். முழங்கால் போட முடியாத ஒருத்தியும் அங்கே நமக்காக ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.