தாம்பரம் பிரேமாவின் முதல் கதை

போன வாரம் மகளின் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சந்து, மண்டையைப் பிளக்கும் வெயில். குந்தி உட்கார்ந்து மாட்டிவிட்டு எழுந்தேன், விரல்களை முகர்ந்து பார்த்தேன்.

"என்னப்பா, கையை மோந்து பாக்கறீங்க?"

சும்மாதான் என்றேன். சும்மா இல்லை. நான் எழுத்தாளனாகிவிடுவது என்று முடிவு செய்த விநாடிக்கு இதே வாசனை: கிரீஸ், துரு, அதற்கு அடியில் கொஞ்சம் ரத்தம். மகளிடம் சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், முடிச்சூர் ரோட்டில், ஏழுமலையின் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு கிண்டியில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்தேன். காலையில் சைக்கிளை ஏழுமலையிடம் தள்ளிவிட்டு ஓடி ரயில் பிடிப்பேன், சாயங்காலம் வந்து எடுப்பேன். ஸ்டாண்ட் இருந்த மனை தனசேகருடையது. அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். அப்பா காலத்தில் ஏர் ஓட்டிய நிலத்தை இவர் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஸ்டாண்டைக் காலி பண்ணு என்று மூன்று தடவை ஆள் அனுப்பினார். நான்காவது தடவை அவரே வந்தார்.

வந்தவர் கத்தவில்லை. சாய்ந்து கிடந்த ஒரு சைக்கிளிலிருந்து செயினை உருவினார். பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து உள்ளங்கையில் நிதானமாகச் சுற்றிக்கொண்டார், தன் கை கிழியக் கூடாதல்லவா. அப்புறம் ஏழுமலையின் காதோடு சேர்த்து ஒன்று வைத்தார். இரண்டாவது முதுகில். மூன்றாவதற்கு ஏழுமலை சைக்கிள்களின் மேல் விழ, நாற்பது சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். முடித்துவிட்டு செயினை ஒரு ஹேண்டில்பாரில் மாலை மாதிரி மாட்டிவிட்டு, எதிர்க்கடையில் ஒரு கோலி சோடா கேட்டார் தனசேகர்.

ஏழுமலையின் ரத்தம் யாரோ ஒருவருடைய சைக்கிள் சீட்டின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? செயின் சதையில் விழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் ஆரம்பம்.

அதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் காதல் கதைகள். என் பெயரில் ஏழு போய், ஏழும் பத்திரமாகத் திரும்பி வந்தன. மின்சார ரயில்கூட அவ்வளவு ஒழுங்காகத் தாம்பரம் வந்து சேர்ந்ததில்லை. இந்தத் தடவை விடக் கூடாது என்று பயிற்சியில் இறங்கினேன். வீட்டுக் கொல்லையில் பழைய செயினால் அரிசி மூட்டையை அடித்துப் பார்த்தேன், சரியில்லை. பூசணிக்காயை அடித்தேன், கொஞ்சம் பரவாயில்லை. அம்மா அந்தப் பூசணிக்காயைச் சாம்பாரில் போட்டுவிட்டு, "இவனுக்கு என்ன கேடு வந்துது" என்றாள். கறிக்கடையில் நின்று கத்தி எலும்பைத் தொடும் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். கடைக்காரர், "வாங்கறியா, வேடிக்கை பாக்கறியா?" என்று துரத்தினார்.

எழுதிய ஒவ்வொரு படியும் தங்கை பிரேமாவிடம் போகும். காலேஜ் கடைசி வருஷம், டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கும் பணம் கட்டியிருந்தாள். படித்துவிட்டு மூக்கைச் சுளிப்பாள்.

"டேய் அண்ணா, அடி வாங்கறவன் இவ்ளோ வசனம் பேசுவானா? அவனுக்கு மூச்சே வராதுடா."

"படிக்கறவங்களுக்குப் புரியணுமில்ல?"

"உனக்குப் புரிஞ்சா போதும். அடிச்சிடு அத."

அடித்தேன். வசனம் போகப் போகக் கதை நிமிர்ந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் ஏழுமலை எழுந்து அதே செயினால் திருப்பி அடிப்பான். அடித்தவன் அவன் காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுவான். "இது நடக்காது" என்றாள் பிரேமா. "அதான் கதை" என்றேன் நான், பெரிய மேதாவி.

அப்போது ஒரு வழக்கம். ஆண்கள் மனைவி பெயரில், தங்கை பெயரில் எழுதுவார்கள். பெண் பெயர் போட்டால் பத்திரிகையில் கவரைப் பிரித்தாவது பார்ப்பார்கள் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை. பிரேமாவுக்கு முத்து முத்தான கையெழுத்து வேறு. தாளின் ஒரு பக்கம் மட்டும், மார்ஜின் விட்டு, அவளே நகல் எடுத்தாள். தலைப்புக்குக் கீழே 'தாம்பரம் பிரேமா'. கூடவே ஓர் உறுதிமொழிக் கடிதம் வைக்க வேண்டும்: இக்கதை என் சொந்தக் கற்பனையே, எதையும் தழுவியதல்ல. அதன் கீழேயும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். போடும்போது, "இதுல என்னோட கற்பனை எதுடா?" என்று சிரித்தாள்.

கற்பனை என்று பார்த்தால் எனக்கும் அதிகமில்லை. தனசேகரைக் குணசேகர் ஆக்கியிருந்தேன். அவ்வளவுதான் என் முன்ஜாக்கிரதை. கர்ச்சீப், கோலி சோடா, முடிச்சூர் ரோடு எல்லாம் அப்படியே இருந்தது. நல்ல விவரம் கிடைத்தால் விடக் கூடாது என்பது அப்போது என் கொள்கை.

மூன்று மாதத்தில் கதை வந்துவிட்டது! படத்தோடு! பேப்பர் கடையில் ஐந்து பிரதி வாங்கினேன். கடைக்காரர் கேட்காமலே, "எங்க வீட்ல எழுதினது. தாம்பரம் பிரேமா, நம்ம பிரேமாதான்" என்றேன். இதைவிடத் தெளிவாக முகவரி யாரும் கொடுக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவும் அம்மாவும் குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் உள்ளறையில் சோப்பு நுரையோடு ஷேவ் செய்துகொண்டிருந்தேன், ஒரு கன்னம் முடிந்திருந்தது. வாசல் கிரில் கேட்டைத் தட்டினார்கள். பிரேமா போய்த் திறந்தாள். நான் திரையிடுக்கில் பார்த்தேன். தனசேகர். கையில் சுருட்டிய பத்திரிகை.

"பிரேமான்றது யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"இத்த நீயா எழுதின?"

அவள் திரும்பி உள்ளே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திரைக்குக் கீழே என் கால் தெரிந்திருக்கும். நான் வெளியே போக ஒரு நிமிஷம் முழுசாக இருந்தது. நான் போகவில்லை.

"ஆமா. நான்தான் எழுதினேன்."

"நா அட்ச்சேன்னு எழுதிக்கிற. சரி. அட்ச்சேன், ஊரே பாத்துச்சு. நா எப்ப அழுதேன்? அந்த நாயி கால்ல வுழுந்து நா எப்ப அழுதேன்? சொல்லு. மார்க்கெட்ல போறவன் வர்றவன் சிரிக்கிறான்."

"அது கதை சார். அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு..."

கன்னத்தில் அறை விழுந்தது. அவள் தடுமாறி கிரில் சட்டத்தைப் பிடித்தாள். "இந்தக் கையிலதான எழுதின?" என்று கேட்டபடியே தனசேகர் இரும்புக் கேட்டை இழுத்து, அந்த விரல்களின் மேல் சாத்தினார். சாத்தியதைத் திறந்து மறுபடியும் சாத்தினார்.

அந்தச் சத்தம் பூசணிக்காய் மாதிரி இல்லை.

இரண்டாவது சத்தத்துக்குத்தான் நான் வெளியே வந்தேன். பாதி முகத்தில் நுரை, கையில் ரேஸர். தனசேகர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், ஷேவிங்கா? பாதியில வுட்டுட்டு வந்துக்கிற. போ, முட்ச்சிட்டு வா." அவளிடம் திரும்பி, "யாரு இது?"

பிரேமா மடங்கிய கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் போய்விட்டார். அவர் அழவில்லை. பிரேமாவும் அழவில்லை. அழுதது நான், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில். "மூஞ்சியத் துடை, சோப்பு காஞ்சு போச்சு" என்றாள்.

நடு விரலும் ஆள்காட்டி விரலும் உடைந்திருந்தன. கதவில் மாட்டிக்கொண்டது என்றுதான் டாக்டரிடமும் அப்பாவிடமும் சொன்னோம். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அதை அவள் எழுதவேயில்லை, அந்த வருஷமும், அப்புறமும்.

இதை எப்படியோ கேள்விப்பட்டு ஏழுமலை வந்தார். ஒரு காது போய்விட்டதால் உரக்கப் பேசினார். "கடசீல அவன் அழற எடம் கீது பாரு பாப்பா, அத்த மட்டும் ரெண்டு தபா படிக்கச் சொல்லிக் கேட்டேன். பேஜார்ல கெடந்தவன், எந்திரிச்சி உக்காந்துட்டேன். உன் கைக்கா இப்டி ஆவணும்?" கட்டுப் போட்ட கையைக் கும்பிட்டார். நான் பக்கத்தில்தான் காபி டம்ளரோடு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டம்ளரை அவரிடம் நீட்டினேன்.

அப்புறம் என்ன, நான் எழுத்தாளனாகிவிட்டேன். தொண்ணூறுகளில் என் சொந்தப் பெயரில் மாத நாவல்கள் பதினொன்று வந்தன. ஒவ்வொன்றிலும் கத்திக்குத்து, வெட்டு, ஓடும் ரயிலில் சண்டை. அடியை நன்றாக எழுதுவேன் என்று பெயர். ஒன்றிலும் இரும்புக் கேட் வராது. கவனித்த வாசகர் யாருமில்லை. பிரேமா கவனித்திருப்பாள், அவள் சொல்லவில்லை.

ஸ்டாண்ட் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம். கண்ணாடிக்குப் பின்னால் செல்போன் விற்கிறார்கள். ஏழுமலை போய்விட்டார், தனசேகரும் நோயில் கிடந்து போய்விட்டார். கதை வந்த பத்திரிகை நின்றுவிட்டது. ஐந்து பிரதியில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதவும் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. ஆனால் போனவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பிரேமாவின் கையெழுத்து. வண்டலூரில் அவள் வீட்டு காலண்டரில் பால் கணக்குக் குறித்திருப்பதைப் பார்த்தால், அந்த முத்துகளை யாரோ காலால் தேய்த்த மாதிரி இருக்கும்.

செயின் மாட்டிய அன்றே அவளுக்கு போன் செய்தேன். "அந்தக் கதைய எழுதலாம்னு பாக்கறேன். நடந்தபடி. என் பேர்ல."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எழுது. ஆனா நீ ஓடி வந்து அவனத் தடுத்தேன்னு மட்டும் எழுதிடாதடா."

மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன். மூன்றிலும் நான் எழுதுகிற அண்ணன், அவள் "நான்தான்" என்பதற்குள் திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்துவிடுகிறான். பழக்க தோஷம். மூன்றையும் கிழித்துவிட்டேன். நாளைக்கு அவனை அந்த ஒரு நிமிஷமும் திரைக்குப் பின்னாலேயே, நுரையோடு, நிற்க வைத்து எழுதிப் பார்க்க வேண்டும்.